வண்டி யார்கிட்ட இருக்கு

முன்னாடியே உட்கார்ந்துக்கறனுங்ணா. பின்சீட்டு எனக்கு ஆகாது. ரோடு தெரியலைன்னா வயித்தைப் பிரட்டும். பையை மட்டும் பின்னாடி போட்டுடறேன். சரி, எடுங்க. வெள்ளக்கரடு போகணும். பிளேன் ஓட்டக் கத்துக்குடுக்கற எடம் இருக்குதுல்ல, அந்த ஓடுதளம்தான். இருபத்திரண்டு கிலோமீட்டர். எட்டு மணிக்கு நான் அங்க நிக்கணும். பைபாஸ் வேண்டாங்ணா, ஊருக்குள்ளயே விடுங்க. இண்டிகேட்டர் போடுங்க. போட்டாச்சா, சரி சரி.

கையா? அது சும்மா வச்சிருக்கேன். கை வைக்க ஒரு எடம் வேணும்ல. நான் ஒண்ணும் தொடலை, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க.

ஆமாங்ணா, பைலட்டுதான். தோள்ல பட்டையைப் பார்த்துட்டுக் கேக்கறீங்க. பதினாலு வருஷமாப் பைலட்டு. ஆனா இன்னைக்கு நான் பைலட்டாப் போகலை. ஸ்டூடண்டாப் போறேன். யார்கிட்டன்னு கேளுங்க. என்ற சம்சாரத்துக்கிட்ட.

சிரிச்சுக்குங்க. எங்க கிளப்புல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு, நீங்க மட்டும் என்ன பாக்கி.

என்ற பேரு செங்கோட்டுவேலன். அவ கோகிலவாணி. ஒரே பேட்சுல பறக்கக் கத்துக்கிட்டோம், லவ் மேரேஜ். புள்ளை பொறந்ததும் அவ ஆறு வருஷம் வீட்டோட இருந்துட்டா. நான் ஒரு நாளு விட்டதில்லை. ஆசைக்கு ஒரு ரவுண்டு வர்றவங்களைக் கூட்டிட்டுப் போவேன், மேல இருந்து போட்டோ எடுக்கறவங்களைக் கூட்டிட்டுப் போவேன், வேற ஊரு கிளப்புக்கு வண்டியைக் கொண்டு போய் விட்டுட்டு வருவேன். பிளேனை நாங்க வண்டின்னுதான் சொல்லுவோம். வேலன் இறக்குனா டீ டம்ளரு தளும்பாதுன்னு ஒரு பேச்சு இருக்குது எங்க கிளப்புல. அந்தப் பேச்சை ஆரம்பிச்சது யாருன்னு தெரியலை, ஆனா இருக்குது. முன்னாடி லாரிக்கு பிரேக் லைட்டு எரியுது பாருங்க. பார்த்துட்டீங்க. சரி.

இப்ப எனக்கு வேண்டியது இன்ஸ்ட்ரக்டர் லைசென்சு. ஓட்டறது வேறங்ணா, ஓட்டக் கத்துக்குடுக்கறது வேற. அதுக்குத் தனி டெஸ்ட்டு. சென்னையில இருந்து ஒரு எக்ஸாமினர் வருவாரு. அவரு ஒண்ணுமே தெரியாத ஸ்டூடண்டு மாதிரி இடது சீட்ல உட்கார்ந்துக்குவாரு. நாம வலது சீட்டு. ஓட்டிக் காட்டணும், ஓட்டறதை வாயால சொல்லிக்கிட்டே வரணும், அப்புறம் அவரை ஓட்ட விட்டுத் திருத்தணும். எங்க கிளப்புல ரெண்டு தடவைதான் அனுப்புவாங்க. ரெண்டாவதும் போச்சுன்னா ஆபீஸ் மேசைதான். யாரு எத்தனை மணிக்குப் பறக்கறாங்கன்னு போர்டுல எழுதிட்டு உட்கார்ந்திருக்கணும். நாப்பத்தியொரு வயசுல நான் போர்டு அழிச்சுட்டு இருக்கணும், அவ மேல பறந்துட்டு இருப்பா.

எனக்கு ஒரு தடவை போயிருச்சு. இன்னொண்ணு வர்ற வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள ஒரு இன்ஸ்ட்ரக்டர்கூட அஞ்சு மணி நேரம் பறந்து, அவங்க கையெழுத்துப் போடணும். பெரிய இன்ஸ்ட்ரக்டருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, லீவு. மேனேஜர் சொல்றாரு, வீட்டுலயே ஆள் வச்சுக்கிட்டு வெளிய ஏன் தேடறீங்கன்னு. அந்தாளுக்கு அது ஒரு ஜோக்கு.

அவளை அங்க கொண்டு வந்து விட்டதே நான்தாங்ணா. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது.

டெஸ்ட்டுக்குத் தயார் பண்ணும்போது எதிர்ல ஒரு ஸ்டூடண்டு வேணும்ல. சுவத்தைப் பார்த்தா கிளாஸ் எடுக்கறது? அவ மறுபடி பறக்க ஆரம்பிச்சு அப்ப மூணு வருஷம் இருக்கும். சாயங்காலமானா உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுட்டு இருப்பா. நீயும் கோர்ஸுல சேரு கோகிலா, எனக்குப் பேச்சுத்துணையா இருக்கும்னு சொன்னேன். பேச்சுத்துணைக்குங்ணா. கல்யாணத்துக்குத் துணைக்கு வந்தவ மணவறையில ஏறி உட்கார்ந்துட்ட கதையாப் போச்சு.

ஹால்ல ரெண்டு பிளாஸ்டிக் சேரைப் பக்கத்துல பக்கத்துல போடுவோம். எங்க வண்டியில ஸ்டியரிங்கு ரெண்டு இருக்கும், ஒண்ணை இழுத்தா இன்னொண்ணும் தானா வரும். அதுக்கு நான் என்ன பண்ணுனேன், ஒரு மூங்கில் குச்சி எடுத்து, இந்தக் கோடியில ஒரு மாவுச் சல்லடை, அந்தக் கோடியில ஒரு மாவுச் சல்லடை, கம்பி போட்டு இறுக்கிக் கட்டுனேன். நல்ல ஐடியாவா இல்லையா? இப்பப் புதுசா வர்ற புள்ளைங்களுக்கு அவ அதையே செஞ்சு காட்டறா. என்ற பேரைச் சொல்றதில்லை.

இதுல முக்கியமா ஒரு பேச்சு இருக்குது. யூ ஹாவ் கன்ட்ரோல். அதாவது, இனி வண்டி உங்ககிட்ட. நான் அப்படிச் சொல்லணும், ஸ்டூடண்டு ஐ ஹாவ் கன்ட்ரோல்னு சொல்லணும், மறுபடி நான் யூ ஹாவ் கன்ட்ரோல்னு சொல்லணும். மூணு தடவை. ஏன்னா மேல போய் அவரு ஓட்டறாருன்னு நானும், நான் ஓட்டறேன்னு அவரும் நெனைச்சுட்டுச் சும்மா இருந்தா வீடு வந்து சேர மாட்டோம். அது அப்படியே வாயில ஒட்டிக்கிச்சு. குக்கரை இறக்கி என் கையில குடுக்கும்போது யூ ஹாவ் கன்ட்ரோலும்பா. நான் சீப்பைக் குடுத்துப் புள்ளைக்குத் தலை சீவி விடும்போது யூ ஹாவ் கன்ட்ரோலும்பேன். எங்க புள்ளை ஸ்கூல்ல டீச்சருக்கு டஸ்டரைக் குடுத்துட்டு அதையே சொல்லியிருக்குது.

சேருல உட்கார்ந்து நான் அவளுக்குக் கன்ட்ரோல் குடுப்பேன். அவ சல்லடையை இழுப்பா. வராது. "மாமா, விடுங்க"ம்பா. விட்டாச்சும்பேன். "விடலை மாமா, உங்க விரலைப் பாருங்க"ம்பா. விட்டாச்சுன்னு சொல்றன்ல, நீ இழும்பேன். ஒரு நாளு அவ இழுத்த இழுப்புல சல்லடை வளையமே நெளிஞ்சு போச்சு. இப்ப வர்ற சல்லடை எல்லாம் வெறும் தகரம்ங்ணா, தொட்டாலே நெளியுது.

செகண்டு போடுங்க, மேடு வருது. போட்டுட்டீங்களா? சத்தமே வரலை, அதான் கேட்டேன்.

அவ கிளாஸ் எடுக்கறதை நீங்க கேக்கணும். மேலே ஏத்தறதைப் பத்தி நான் நாப்பது நிமிஷம் சொல்லுவேன். காத்து எப்படி வருது, றெக்கை ஏன் தூக்குது, ஒண்ணு விடாமச் சொல்லுவேன். அவ என்ன சொல்றா தெரியுமா? "வேகம் வரட்டும். மூக்கைத் தூக்கு. இப்படியே வச்சுக்கோ." முடிஞ்சுது. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டா. இதுக்குப் பேரு கிளாஸா? ஆனா புள்ளைங்க எல்லாம் டவுட்டுன்னா அக்கா எங்கன்னுதான் தேடறாங்க. நான் அங்கயே நிக்கறேன், என்கிட்ட கேக்கலாம்ல. ஒரு பையன் கேட்டான் ஒரு தடவை. ஒண்ணரை மணி நேரம் விளக்கமாச் சொன்னேன். அப்புறம் அவன் என்னைப் பார்த்தா கேன்டீன் பக்கமாப் போயிருவான்.

பொறாமையான்னு கேட்டா, பொறாமைதாங்ணா. மூடி மறைச்சு என்ன ஆகப் போகுது. அவ நோட்டுல எழுதியிருக்கற கையெழுத்தைப் பார்த்தாக்கூட எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஊர்ல ஒருத்தன் மேல பொறாமை வந்தா வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்டச் சொல்லித் தீத்துக்கலாம். பொண்டாட்டி மேலயே வந்தா யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதான் உங்ககிட்டச் சொல்றேன்.

டெஸ்ட்டு அன்னைக்கு எனக்குக் காலையில, அவளுக்கு மத்தியானம். எக்ஸாமினர் கேப்டன் ஞானமுத்துன்னு ஒருத்தரு. நாகர்கோவில்காரரு. சிரிப்புன்னா என்ன விலைன்னு கேப்பாரு. சட்டைப் பையில புளிப்பு மிட்டாய் வச்சிருப்பாரு, அது ஒண்ணுதான் அவருகிட்ட இனிப்பு.

மேல போனோம். அன்னைக்கு நான் பேசுன பேச்சு இருக்குதே, ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கணும். ஒரு நிமிஷம் வாய் ஓயலை. ஓடுதளத்துக்குப் பக்கவாட்டுல போறப்ப கன்ட்ரோலை அவருக்குக் குடுத்தேன். மூணு தடவையும் சொன்னோம், முறையா. லேசா இடது பக்கம் திருப்புங்க சார்ன்னேன். திரும்புச்சு. அப்படித்தான்னேன். கொஞ்சம் இறக்குங்கன்னேன். இறங்குச்சு. ரொம்ப நல்லாப் பண்றீங்கன்னேன். கடைசியில தரையில வச்சாரு பாருங்க, மெத்தையில புள்ளையைப் படுக்க வச்ச மாதிரி. டயரு தொட்டதே தெரியலை. "சார், முதல் நாளே இப்படி இறக்குன ஸ்டூடண்டை நான் பார்த்ததே இல்லை"ன்னேன். ஸ்டூடண்டைப் பாராட்டணும்ங்ணா, புஸ்தகத்துலயே போட்டிருக்குது.

வண்டி நின்னுச்சு. அவரு என் பக்கம் திரும்பி, "வண்டி யார்கிட்ட இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. உங்ககிட்டதான் சார்ன்னேன். அவரு மடியைக் காட்டுனாரு. ரெண்டு கையும் மடியில இருக்குது. கைக்குள்ள மிட்டாய்த் தாளு. அதை மடிச்சு மடிச்சு சின்னதா ஒரு கப்பல் செஞ்சு வச்சிருக்காரு. "நீங்க குடுத்த உடனே நான் கையை எடுத்துட்டேன், வேலன்"ங்கறாரு.

அப்ப இறக்குனது யாரு? நான்தான். அஞ்சு நிமிஷமா என்னை நானே பாராட்டிட்டு வந்திருக்கேன்.

நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? நல்லா இறங்குச்சா இல்லையா? அதுக்கு மார்க்கு கிடையாதா? நான் என்ன, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா இருந்தேன்? ரெண்டு விரல்தான் வச்சிருந்தேன், ஒரு பாதுகாப்புக்கு. எந்த ஸ்டூடண்டாவது முதல் நாளு மேல போய்க் கப்பல் செய்வானா? ஏமாத்து வேலைங்ணா. பார்த்து, நாய் குறுக்க வருது. அது போயிரும், போயிரும்.

கீழ இறங்கி வர்றேன். கொட்டகை நிழல்ல அவ நோட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. எந்திரிச்சு ஓடி வந்தா. "எப்படி மாமா இருந்துச்சு? என்ன கேட்டாரு?"ன்னா.

இதைச் சொல்லணுமான்னு யோசிக்கறேன். உங்களை நான் திரும்பப் பார்க்கப் போறதில்லை, சொல்லிடறேன். அந்தக் கப்பல் விஷயத்தை அவகிட்ட நான் சொல்லலை. அவரு கையைப் பாத்துக்கோன்னு ஒரு வார்த்தை போதும். சொல்லலை. ஒண்ணுமில்லை கோகிலா, நிறுத்தாமப் பேசிட்டே இரு, அவருக்கு அதுதான் பிடிக்குதுன்னு சொன்னேன். அவ தலையாட்டிட்டு அதையும் நோட்டுல எழுதிக்கிட்டா. நான் பார்த்துட்டே நின்னேன். ஃபெயிலானா ரெண்டு பேரும் ஆகட்டும்னு இருந்துச்சுங்ணா. ஒரு வீட்டுல ஒருத்தரு பாஸு ஒருத்தரு ஃபெயிலுன்னா, சோறு எப்படி இறங்கும்?

மத்தியானம் காத்தே இல்லை, அது அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம். கிளப்புல வெள்ளாட்டுக் கறி பிரியாணி வேற. காலையில வெறும் வயித்தோட இருந்த மனுசன் மத்தியானம் ஏப்பம் விட்டுக்கிட்டு ஏறுனாரு. நான், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டற காத்துப்பைக் கம்பத்துக்கிட்ட நின்னு அண்ணாந்து பார்த்துட்டே இருந்தேன். ஓடுதளத்துக்குப் பக்கவாட்டுல வர்றாங்க. இப்பக் குடுப்பா கன்ட்ரோலைன்னு நெனைச்சேன். அடுத்து இடது பக்கம் திரும்பணும். வண்டி திரும்பலை. நேராப் போகுது. திரும்ப வேண்டிய எடம் தாண்டிப் போச்சு. எதிர்ல இருக்கற கரட்டுக் குன்றைப் பார்த்துப் போயிட்டே இருக்குது. போச்சு, கோட்டை விட்டுட்டான்னு நெனைச்சேன். ஒரு சந்தோஷம் வந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் இன்னும் கொஞ்சம் போச்சு. உள்ள இருக்கறது என் பொண்டாட்டின்னு அப்பத்தான் உறைச்சுது. கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறந்தான் திரும்புச்சு, கோணல் மாணலா. ரெண்டு குதி குதிச்சு இறங்குச்சு. என் இறக்கத்துக்குப் பக்கத்துலயே வராது.

பாஸுன்னுட்டாரு.

அங்க மேல என்னடி நடந்துச்சுன்னு கேட்டேன். கன்ட்ரோலைக் குடுத்திருக்கா. அவரு வாங்கிக்கிட்டு, கையை மடியில வச்சுட்டாராம். இவ அதைப் பார்த்துட்டா. பார்த்துட்டு இவளும் கையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாளாம். வண்டியைச் சரியா வச்சிருந்தா கை விட்டாலும் நேராத்தான் போகும், உடனே ஒண்ணும் ஆயிராது. "சார், வண்டி இப்ப உங்ககிட்ட. நான் காத்துட்டு இருக்கேன்"னு சொல்லிட்டுச் சும்மா இருந்துட்டா. நான் பேசிட்டே இருன்னு சொல்லியனுப்புனேன், இவ வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்கா. அவராப் பிடிச்சு, அவராத் திருப்பி, அவராக் குதிச்சுக் குதிச்சு இறக்கியிருக்காரு. வேணும்னே. இவ ஒரு விரலு வைக்கலை.

நெஞ்சழுத்தம் பார்த்தீங்களா? கரடு வருதுங்ணா எதிர்ல. எனக்கெல்லாம் முடியாது.

எப்படிடி அவரு கையைப் பார்க்கணும்னு உனக்குத் தோணுச்சுன்னு கேட்டேன். "உங்க கையைப் பார்த்துப் பார்த்துத்தான் மாமா கத்துக்கிட்டேன்"னா. அதுல மட்டும் எனக்கு ஒரு திருப்தி. கிளப்புல யாரு என்ன சொன்னாலும், என்கிட்டதான் கத்துக்கிட்டேன்னு அவளே ஒத்துக்கிட்டாளே. மேனேஜருகிட்டயும் சொன்னேன் இதை. அந்தாளு இருமிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு.

ஆனா ஒண்ணு. காலையில எனக்கும் இதே சோதனையை வச்சதைக் கேப்டன் அவகிட்டச் சொல்லிட்டாராம். மேனேஜர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஏன் மாமா சொல்லலைன்னு கேட்டிருந்தா சண்டை போட்டிருக்கலாம், ரெண்டு நாளு பேசாம இருந்துட்டு மூணாம் நாளு சரியாயிருக்கும். கேக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அந்த நெளிஞ்ச சல்லடையை அம்மிக் குழவியில தட்டி நிமிர்த்துனா. நிமிர்த்தித் திரும்பக் குச்சியில கட்டி வச்சா. "உங்களுக்கு இன்னும் வேணும்ல"ன்னா. மூணு வாரமாச்சு. இன்னும் அந்த ஹால்ல என்னைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்குது அது.

இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே கிளம்பிட்டா, வண்டியை செக் பண்ணி வைக்கறதுக்கு. "பைக்லயே ஏறிக்குங்க மாமா, ஒண்ணாப் போயிரலாம்"னா. பைக்கு அவதான் ஓட்டுவா. பின்னாடி உட்கார்ந்தா நான் கையை எங்கடி வைக்கறதுன்னு கேட்டேன். "தோள்ல வைங்க"ன்னா. எனக்கு வயித்துல கோளாறு, நீ போன்னுட்டேன். அப்புறந்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

அதோ, ஆரஞ்சுக் கலர்ல தெரியுது பாருங்க, அதான் காத்துப்பை. அங்க வெள்ளை வண்டிக்குப் பக்கத்துல நிக்கறது அவதான். றெக்கையைத் தடவிப் பார்த்துட்டு இருக்கா. மேல போனா என்னை என்னன்னு கூப்பிடுவா? ஸ்டூடண்டைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். நான் அவளை மேடம்னு சொல்லணும். நைட்டெல்லாம் இதே நெனைப்பு.

இந்த வளைவுல மெதுவாங்ணா. இன்னும் மெதுவா.

ஏன் நிறுத்திட்டீங்க? கிளப்பு கேட்டு இன்னும் தள்ளி இருக்குது.

என்னங்ணா, புரியலை. வண்டியை நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டறனான்னா? நீங்கதான் ஓட்டறீங்க. வேற யாரு.

கையா.

எப்ப இருந்து? ஏறுன எடத்துல இருந்தேவா? இருபத்திரண்டு கிலோமீட்டரும் ஹேண்ட் பிரேக்கு மேலயா? மேடு வந்தப்ப வேற இழுத்தேனா. நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. ஆமா, சொன்னீங்க. ஏறுன உடனே சொன்னீங்க. நான்தான் கை வைக்க எடம் வேணும்னேன்.

அப்ப அவ பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு சொன்னது இந்தக் கையைத்தானா.

எடுத்துட்டேன். இதோ, மடியில வச்சுட்டேன், பாருங்க. ரெண்டும். நீங்க ஓட்டுங்க.

தூக்கிப் போட்டுச்சா? குழி இருந்துச்சு, எனக்குத் தெரியும். சொல்லலை. பரவாயில்லைங்ணா, விடுங்க, ஒண்ணும் ஆகலை.

அவரு கையைப் பாத்துக்கோன்னு அன்னைக்கு நான் அவகிட்டச் சொல்லியிருக்கணும். மூணே வார்த்தை. இன்னைக்குச் சொல்லிடறேன், சொல்லாம விட்டேன்னாவது சொல்லிடறேன். ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். மேல போனா வாயைத் திறக்க விட மாட்டா.

இங்கயே போதும், இறங்கிக்கறேன். பை பின்னாடி இருக்குது. வேண்டாம், காத்திருக்க வேண்டாங்ணா, நீங்க கிளம்புங்க. திரும்பும்போது அவகூடவே வந்துடறேன், பைக்ல. பின்னாடிதான். தோள்ல கை வச்சுக்கறேன். ரெண்டு விரல்தான்.